பெருநாள் மன்னிப்பு

"மோஹோன் மாஆஃப்... மோஹோன் மாஆஃப்..." என்று கரும்புக் கொல்லை ஓரம், மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் நின்று எழிலரசன் செல்போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதையே திருப்பிச் சொன்னது. குழைவாகச் சொன்னது.

வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்த அவன் மனைவி விஜயகுமாரியின் காதில் அது விழுந்தது. ஈரக் கையோடு வந்து எதிரில் நின்றாள்.

"எவ அவ?"

எழிலரசன் பதறிப்போய் போனை லுங்கி மடிப்பில் செருகினான். செருகியது இன்னும் தப்பாகிவிட்டது.

"மெசினுடி. இந்தோனேசியா பாஷை சொல்லிக் குடுக்கிற ஆப்பு."

"மெசினுகிட்டதான் இப்டி ஒளிஞ்சி ஒளிஞ்சி பேசுவாங்களா? இன்னா சொல்ற அதுகிட்ட?"

"மன்னிச்சிடுன்னு."

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்கிட்ட ஒரு தபா கேட்டிருக்கியா மாமா?"

இனிமேல் மறைக்க முடியாது. கொட்டாய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

மலேசியாவில் அவனோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கிடங்கில் மூட்டை தூக்கியவன் ஓர் இந்தோனேசியாக்காரன். பேர் லூடி. வந்த அன்றைக்கு அவன் வாயால் அப்படித்தான் சொன்னான், எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். எழிலரசன் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், நீ படு, உன் வேலைக்கு நான் போறேன் என்று போனவன் மேல் லாரி ஏறிவிட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

இந்தோனேசியாவில் இருந்த லூடியின் அக்கா யாந்திக்குச் சேதி சொன்னதும் எழிலரசன்தான். அழுது முடித்துவிட்டு அவள் ஒன்று கேட்டாள். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், கண்ணும் மங்கல். மகன் செத்தது தெரிந்தால் தாங்க மாட்டாள். உன் குரலும் அவன் குரல் போலக் கரகரப்பாக இருக்கிறது, வாரம் ஒரு தடவை அவனாக நீ பேசு என்றாள்.

பேசினான். சொந்த ஊரான ஏம்பலம் திரும்பி, திருபுவனைக்கு லோடு இறக்கும் வேலைக்குப் போகிற இன்றைக்கும் பேசுகிறான். கையில் இருந்தது மலேசியாவில் கற்ற, அவர்கள் பாஷைக்கு நெருக்கமான அரைகுறை மலாய்தான். அதற்காக அந்தம்மா அதட்டியதே இல்லை. வாரம் ஒரு சொல்லை எடுத்து, அப்படி இல்லைடா ரூடி, கடைசியில் தொண்டையிலேயே நிறுத்து என்று பொறுமையாகத் திருத்துவாள். வெளிதேசம் போனால் நாக்கு மாறத்தானே செய்யும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள்.

"லூடியா, ரூடியா?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"அவுங்க அம்மா ரூடின்னுதான் கூப்புடும். எங்களுக்கு லூடி."

அவளுக்கு வந்த கோபம் இறங்கிப்போயிருந்தது. அந்த இடத்தில் பயம் ஏறியிருந்தது. "செத்த புள்ளையாட்டம் பேசி ஒரு தாய ஏமாத்தற. இது நல்லதுக்கில்ல மாமா."

அவனுக்குத் தெரியாததா? சாப்பிட்டியாடா என்று அந்தம்மா கேட்கிற ஒவ்வொரு வாரமும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. இன்றைக்கு அவர்களுக்குப் பெருநாள். பிள்ளைகள் தாயின் கையைப் பிடித்து, வெளியில் செய்ததற்கும் மனசுக்குள் செய்ததற்கும் மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும். ரூடி சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த சொல். அதில் எழிலரசனின் நாக்கு பிசகினால் அகப்பட்டுக்கொள்வான்.

"அகப்பட்டா இன்னா ஆவும்?"

"அந்தம்மா உசுரு போயிடும். எனக்காகப் போயி அவன் செத்தான். அவன் அம்மாவையும் நானே கொன்னதா ஆவும்."

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இந்த ஒரு மாதமாக அந்தச் சொல்லை அவன் ரூடிக்காகப் பழகவில்லை. தனக்காகப் பழகினான்.

போன் போட்டான். விஜயகுமாரி பக்கத்தில் குந்தினாள்.

எப்போதும் யாந்திதான் எடுப்பாள். இன்று அந்தம்மாவே எடுத்தாள். யாந்தியைப் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுக்க அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆப்பில் பச்சை டிக் விழுந்ததே, அதே மாதிரி, அம்மா என்கிற 'இபு'வையும் சேர்த்துச் சொன்னான்.

"மோஹோன் மாஆஃப் லாஹிர் டான் பாத்தின், இபு."

தொண்டையில் நிற்க வேண்டியது நின்றது. 'லாஹிர்' என்பதன் கடைசி எழுத்து நாக்கு நுனியில் அதிர்ந்து விழுந்தது. அந்த ஊரில் பிறந்தவன் சொன்னது போலவே இருந்தது. இருந்தும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இபு? இபு?"

"இருக்கேன்." அந்தம்மா அவர்கள் பாஷையில், அவனுக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "சுத்தமா சொன்னே. இனிமே நான் திருத்தறதுக்கு ஒண்ணும் இல்ல."

எழிலரசன் மூச்சு விட்டான்.

"என் புள்ளைக்குப் பொறந்ததுலேர்ந்து 'ர' வராது. அவன் பேரையே அவனால சொல்ல முடியாது."

எழிலரசன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். விஜயகுமாரி இன்னா, இன்னா என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எனக்கு எப்பவோ தெரிஞ்சிபோச்சி. சொன்னா நீயும் பேசறத நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன். மன்னிச்சிட்டேன், அழாத. உன் பேரு என்னப்பா?"