பேரிக்காய்த் தோட்டத்து மின்வேலி

பஷீர் அகமது பாய் முடியாது என்றார்.

அவர் முடியாது என்றால் பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். கூக்கால் மலைக்கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும், சகாயராணியைத் தவிர.

அவள் பழம் கேட்கவில்லை. பாய் குத்தகைக்கு எடுத்திருக்கும் பேரிக்காய்த் தோட்டத்தைச் சுற்றி ஓடுகிற மின்வேலியை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கச் சொன்னாள்.

"ஒரு மணி நேரமா! காட்டெருமை அந்தா மோந்துக்கிட்டு நிக்கிது டாக்டரம்மா. இன்னிக்கு அணைச்சா, நாளைக்குப் பழனிச் சந்தைக்கு நான் எதைக் கொண்டுபோறது, எலையையா?"

இவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பக்கத்து மேட்டில் கம்பம் நட்டுக் கம்பி கட்டி, வானத்தை ரேடியோவில் கேட்கிற டாக்டர்.

வெடித்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம் ஒன்று மேலே பம்பரமாய்ச் சுழல்கிறது என்றாள். சுற்றுக்கு ஒரு துடிப்பு அனுப்புமாம். சூரியனைவிட எடை அதிகம், ஆனால் ஒரு தாலுகாவுக்குள் அடங்கிவிடுமாம்.

"எடை கூட, எடம் கொறைச்சலா?" பாய்க்கு முதல் தடவையாக அக்கறை வந்தது. "லாரிக்கு ஏத்த சரக்கு."

இவளுடைய நட்சத்திரத்துக்கு ஒரு வினோதம் உண்டு. கொஞ்ச நேரம் துடிக்கும். பிறகு ஊமையாகிவிடும். பிறகு விட்ட தாளம் பிசகாமல் மறுபடி தொடங்கும்.

நட்சத்திரம் லீவு போடாது என்று அவளுடைய ஆபீஸ் மேலிடம் எழுதிவிட்டது. மின்வேலியும் வினாடிக்கொரு தரம் துடிப்பதுதானே, எவனோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறான் என்பது அவர்கள் முடிவு. இல்லையென்று நிரூபிக்காவிட்டால் மாதக் கடைசியில் கம்பங்களைப் பிடுங்கிவிடுவார்கள். அதோடு இந்த மலையில் அவளுக்கும் சோலி முடிந்தது.

மாவு மில், தண்ணீர் மோட்டார், மிஷன் பள்ளிக்கூட ஜெனரேட்டர் எல்லாவற்றையும் நிறுத்திக் கேட்டாயிற்று. அவை நின்ற நேரத்திலும் துடிப்பு கேட்டது. மிச்சம் இந்த வேலி ஒன்றுதான்.

பழம் தரம் பிரிக்கிற கொட்டகையிலிருந்து வீரம்மாள் குரல் கொடுத்தாள்:

"ஏம்மா, அவுககிட்டயா பேரம் பேசுறீக? கால்ல கெடக்க செருப்பையும் கழட்டிக் குடுத்துட்டுத்தேன் போகணும்!"

கொட்டகையே சிரித்தது.

பேரம் கடைசியில் ஜீப்பில் வந்து முடிந்தது. கூக்காலுக்குப் பஸ் வந்தால்தான் வந்தது. ஆகவே ஆபீஸ் ஜீப் பழனிக்கு இறங்கும்போதெல்லாம் பின்னால் பாயின் கூடைகள் ஏறும்.

பாய் ரொம்ப நஷ்டப்பட்டவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நல்ல லாபம் என்றால் அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

"அணைச்சா மட்டும் போதாது பாய்," என்றாள் சகாயராணி. "அணைக்கணும், போடணும், மறுபடி அணைக்கணும். உங்க வேலியோட சேந்து என் துடிப்பும் நின்னு நின்னு வருதான்னு பாத்துட்டாத்தான் மேல நம்புவாங்க."

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். அவளை வேலி ஓரமாக, கொட்டகைக்குக் கேட்காத தூரத்துக்கு அழைத்துப் போனார்.

"போடுறதுக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் மெல்ல. "போன வருசம் ஆடி இடியில கரண்டுப் பெட்டி வெந்து கரியாப் போச்சு. இப்ப உள்ள அணில் குடியிருக்கு. கரண்டு ஓடுதுங்கிற பயத்துலதான் ஒரு பய உள்ள வர்றதில்ல. ஜீப்பெல்லாம் வேணாம். வெளிய மட்டும் சொல்லிராதீங்க."

அணைப்பதை எத்தனை மணி நேரம் கேட்டாலும் அவரால் விற்றிருக்க முடியும். போடுவதற்குத்தான் கையில் சரக்கில்லை.

சகாயராணி கேட்டாள்:

"போன வருசமேவா?"

"அல்லா மேல ஆணையா."

அவள் அந்தத் துடிப்பை முதன்முதலாகக் கேட்டதே இந்த ஆவணியில்தான். வேலி அதற்கு ஒரு வருஷம் முன்பே செத்துப்போயிருந்தது.

மெதுவாகக் குனிந்தாள். இரண்டு கையாலும் கம்பியை இறுகப் பிடித்தாள். குளிர்ந்து கிடந்த வெறும் கம்பி. பிடித்தபடியே தலையை அண்ணாந்து பார்த்தாள். பட்டப்பகலில் அங்கே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

கொட்டகையில் சிரிப்பு நின்றுபோனது. எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. பாய்க்கு உயிரே போய்விட்டது.

"தாயே, பாக்குறாளுக! கொஞ்சம் துள்ளுங்க, கத்துங்க!"

சகாயராணி கத்தினாள். எதிர்மலை திருப்பிக் கத்தியது. கம்பியை விடாமலே துள்ளினாள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வீரம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, கரண்டுக்குப் பயந்து பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

இனி எந்தப் பயலும் இந்த வேலிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று பாய்க்கு நிம்மதியாயிற்று.

படித்த பெண் இவ்வளவு நன்றாக நடிக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.