முளைக்காத பட்டாணி

யட்டியாந்தோட்டைப் பலசரக்குக் கடையில் அப்பாவுக்குப் பதிலாக நின்றிருந்த தர்மிளாவிடம் அஜந்தன் சலித்துக்கொண்டான்.

"நீங்க குடுத்த பட்டாணி இந்தத் தடவையும் முளைக்கலங்க. போட்டது போதும், இதோட விட்டுர்றேன்."

தர்மிளாவுக்குத் திக்கென்றது. இனி வரமாட்டானா? உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது.

"கோவிச்சுக்காதீங்க. நான் குடுத்ததெல்லாம் கறிக்குப் போடுற உடைச்ச பட்டாணி. அது முளைக்காது. முழுப் பட்டாணி குடுத்தா முளைச்சிரும். அப்புறம் நீங்க எதுக்கு இங்க வரப்போறீங்க?"

அஜந்தன் தலையைச் சொறிந்தான்.

"தேயிலைத் தோட்டத்து நர்சரியில கன்னு வளர்க்கிறவனுக்கு அதுகூடத் தெரியாதாங்க? ஒண்ணையும் மண்ணுல போடல. ஒரு மாசமா வீட்டுல பட்டாணிக் கறிதான். இன்னொரு தடவை கொண்டாந்தா உள்ள விடமாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. நாளைக்கு என்னங்க வாங்க வரட்டும்?"