ஆகாத தும்மல்

வாசலில் நான் தும்மியதும் அண்ணி கதவைப் பாதி சாத்திவிட்டார்.

"அங்கேயே நில்லுங்க தம்பி. போன மாசம் யார்கிட்டேர்ந்தோ ஒட்டின வைரஸ், உங்க அண்ணனுக்கு வெச்ச கிட்னி வரைக்கும் போயிடுச்சு. இப்பதான் தேறி வருது."

"வைரஸெல்லாம் இல்ல அண்ணி, தூசி. பொறந்ததுலேர்ந்து எனக்கு இப்படித்தான்."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "ஜன்னல் வழியா பாத்துட்டுப் போடா. என் கிட்னிக்கு உன் தும்மல் ஆகாது."

ஜன்னலுக்குப் போனேன். முகமூடியோடு அண்ணன் கையாட்டினார். நான் அவருடைய அடிவயிற்றைப் பார்த்துக் கையாட்டினேன்.

போன வருஷம் அவருக்குக் கொடுக்கும்வரை, முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கிட்னி எனக்குள்தான் இருந்தது. தினமும் என் தும்மலைக் கேட்டது. ஒரு நாளும் ஆகாது என்று சொன்னதில்லை.