ஐந்தாவது ஆட்சேபணை

“கதவுப்பிடியில கூடவா பெயின்ட்? பாரு, நேத்துலேர்ந்து தேய்க்கிறேன், கட்டைவிரல்ல பச்சை போகவே மாட்டேங்குது. எப்பதான்டி வரைஞ்சு முடிச்சுட்டுக் கிளம்புவ?”

“நான் என்னக்கா பண்றது? என்னைப் போக விட்டாத்தானே!”

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். ஆறு வருடம் கழித்து அவள் ஊருக்கு வந்ததே இந்தத் தெருச் சுவரில் படம் வரையத்தான். அக்கா தனியாக இருக்கும் வீட்டில்தான் தங்கல். மூன்று வாரத்தில் முடியவேண்டிய வேலை, போட்டதை அழிப்பதும் அழித்ததைப் போடுவதுமாக மூன்று மாதமாய் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வெளிநாட்டில் காத்திருக்கும் பெரிய வேலை கைவிட்டுப் போய்விடும். அதற்காக அக்காவின் வாய் ஓயுமா?

கலைத்துறை அலுவலகத்தில் அதிகாரி அவளைக் கண்டதுமே நெற்றியைத் தேய்த்தார். “வாங்கம்மா. சுவரோரம் மாட்டியிருக்கிற ஆட்சேபணைப் பெட்டியில இன்னொண்ணு விழுந்திருக்கு.”

“அஞ்சாவதா? விளையாடறீங்களா சார்!”

“புதுக் கொள்கை அப்படிம்மா. சுவர் எங்களோடது, பெயின்ட் கம்பெனியோடது, தினம் பாக்கப்போறது தெரு ஜனம். ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் மாத்தித்தான் ஆகணும்.”

“கம்பெனிக்காரர் படத்துல அவர் டப்பா வேணும்னார், வச்சேன். அது போக, பெட்டியில நாலு மனு. காக்கா குண்டா இருக்காம், இளைக்க வச்சேன். வெயில் கண்ணைக் கூசுதாம், மேகம் போட்டு மூடினேன். நாய் முறைக்குதாம், தூங்க வச்சேன். மாடிப்படி செங்குத்தா இருக்காம், அதையும் இடிச்சுக் கட்டினேன்! யார் சார் அந்தப் புண்ணியவான்? பேரைச் சொல்லுங்க, நேர்லயே போய்க் கேட்டுடறேன்.”

“பேர் போட வேண்டாம்னு விட்டிருக்கோம். அதுவும் கொள்கைதான்.”

“நல்லா வச்சீங்க கொள்கை! இப்ப என்னவாம்?”

அதிகாரி தாளைப் பிரித்துச் சலிப்போடு படித்தார். “ஊஞ்சல்ல ஒரு பொண்ணு தனியா உக்காந்திருக்கா. பாக்கச் சகிக்கல. பக்கத்துல இன்னொருத்தியும் வேணும்.”

“குடுங்க அதை!”

கிழித்துப் போடும் வேகத்தில்தான் பிடுங்கினாள். தாளின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆட்சேபணை நியாயம்தான் சார்” என்றாள். “மாத்த ஒரு மாசம் ஆகும்னு எழுதிக்குங்க.”