கடைசிச் சுற்றில் ஆர்லோ கேட்ட பையன்

"இன்னொரு தடவை சொல்லுங்க ஆர்லோ. இந்த லீலண்ட் கூம்ப்ஸ்கிட்ட அப்படி என்னத்தக் கண்டீங்க?"

"நல்ல பையன்மா."

"நல்ல பையனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பந்து அடிப்பானா?"

"அடிச்சிருவான், அடிச்சிருவான்."

அறையில் கொல்லென்று சிரிப்பு. ஆறிப்போன பீட்சாவைத் தின்றுகொண்டு, ரெண்டு நாளாகப் பையன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கேள்வி கேட்ட மெரிடித்துக்கு எரிச்சல்தான் வந்தது. பேஸ்பால் டீமுக்குப் புது ஆள் எடுக்கும் தலைமைப் பொறுப்பு அவளுடையது. பதவிக்கு வந்து முதல் வருஷம். டீம்கள் முறைவைத்துப் புதுப் பையன்களை எடுக்கிற டிராஃப்டில் இருபதாவது சுற்று, அதாவது கடைசிச் சுற்று, ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் முறை வர இன்னும் பத்து டீம். டீமுக்கு ஒரு நிமிஷம்.

ஆர்லோ, கென்டக்கி மலைப்பக்கம் ஊர் ஊராக அலைந்து ஆட்டக்காரப் பையன்களைத் தேடிப் பிடிக்கிற ஸ்கவுட். வருஷம் தவறாமல் கடைசிச் சுற்றை மட்டும் மல்லுக்கட்டி வாங்கிவிடுவார். பதினாலு வருஷம், பதினாலு பையன்கள். ஒருத்தன்கூட உருப்படியாக ஆடியதில்லை. ரெண்டே வருஷத்தில் மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதாயிற்று.

உதவியாளன் க்ளிஃப் காதைக் கடித்தான். "பெரியவர் அந்தப் பசங்களைப் பெத்தவங்ககிட்ட ஏதோ காசு வாங்கிக்கிறார் மேடம். இல்லாட்டி இப்படி ஒத்தக்கால்ல நிப்பாரா?"

அவளுக்கும் அதே சந்தேகம்தான். அப்படி மட்டும் இருந்தால், இன்றோடு மனுஷனை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு பண்ணினாள்.

ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆர்லோ எடுத்த பையன்களின் பழைய பட்டியலில் முதல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நம்பரைப் போட்டுக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள்.

"டெரல் ஸ்டம்போவா? பதினாலு வருஷம் முன்னாடி எங்க டீம்ல இருந்தீங்களே?"

"ஆமா. சீக்கிரம் சொல்லுங்க, ஒருத்தர் வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நான் பல் டாக்டருங்க."

"உங்களை எடுக்கறதுக்கு ஆர்லோ ஏதாவது வாங்கினாரா? உண்மையைச் சொல்லுங்க."

மனுஷன் வெடித்தான்.

"எந்தப் பாவிங்க அப்படிச் சொன்னது? எங்கப்பா நிலக்கரிச் சுரங்கத்துல இடுப்பொடிஞ்சு கிடந்தாரு. காலேஜெல்லாம் கனவுலகூடக் கிடையாது. நீ பந்தாட்டத்துக்கு லாயக்கில்லடான்னு ஆர்லோ என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. 'ரெண்டு வருஷத்துல துரத்திடுவாங்க. அதுக்கப்புறம் படிக்கிற செலவு டீமோடதுன்னு ஒப்பந்தத்துல எழுத வெக்கிறேன், அதை மட்டும் விட்டுக்கொடுத்துடாதே'ன்னாரு. என்னை மட்டுமா? எங்க ஊர்க் கணக்கு வாத்தியாரு, பாலம் கட்டற இன்ஜினியரு, எல்லாம் உங்க டீம் துரத்தின பசங்கதாங்க!"

மெரிடித் நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"மேடம்! நம்ம முறை! நாப்பது செகண்டுதான் இருக்கு!" க்ளிஃப் கத்தினான். "நாம குறிச்சு வெச்ச அந்த டெக்சாஸ் பையன் பேரைச் சொல்லிடுங்க!"

ஓடி வந்தாள். ஆர்லோ எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு வயசான முகத்தில் அப்படி ஒரு பதைப்பு.

"பிரமாதமா அடிப்பான்மா. என்னை நம்பும்மா. சத்தியமாச் சொல்றேன்."

மெரிடித் மைக்கை இழுத்தாள்.

"லீலண்ட் கூம்ப்ஸ். கென்டக்கி."

அறையே வாயைப் பிளந்தது. க்ளிஃப் தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் மைக்கை அணைத்துவிட்டுப் பெரியவர் பக்கம் குனிந்தாள்.

"பொய் சத்தியமெல்லாம் போதும் ஆர்லோ. பையன் என்ன படிக்கணும்ங்கறான்?"