ஒட்டிக்கொண்டு வருபவர்

மூளை அழற்சியை ஆராயும் விஞ்ஞானி, இறந்துபோன பஸ் ஓட்டுநர் ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த கிளியா செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துவந்தாள். நரம்புகளைக் காக்க வேண்டிய அந்தச் செல்கள் வீங்கிக் கிடந்தன. எந்த மருந்துக்கும் மசியவில்லை.

ஓட்டுநரின் மனைவி ஒருநாள் பார்க்க வந்தார். தட்டுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வீட்டுக் குழாய் ஒழுகும் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த விஞ்ஞானியின் கண்முன்னே வீக்கம் வடிந்தது. செல்கள் அவர் பக்கமாக நகர்ந்தன.

"கொஞ்சம் இந்தப் பக்கம் உட்காருறீங்களாம்மா?"

மாறி உட்கார்ந்தார். பிளம்பர் வந்துபோன கதை முடிவதற்குள் செல்களும் வலப்பக்கம் வந்துவிட்டன. விஞ்ஞானி அதை அவரிடம் சொன்னாள்.

"கட்டில்லயும் இப்படித்தான். தள்ளிப் படுங்கன்னாலும் ஒட்டிக்கிட்டே வருவார்" என்று அந்தம்மா சிரித்தார். "நாளைக்கும் வரட்டுமா?"

"வாங்கம்மா."

அவர் போன பிறகு விஞ்ஞானி மறுபடி பார்த்தாள். செல்கள் கதவுப் பக்கம் ஒதுங்கி, கைகளை நீட்டி நிம்மதியாகக் கிடந்தன. அவள் சத்தமில்லாமல் விளக்கை அணைத்தாள்.