முதல் கரண்டி

டிவியில் சமையல்காரி பூசணிக்காய் சூப்பின் மேல் வெண்ணெயைச் சுழற்றி விடுகிறாள். அந்த மஞ்சள் வெளிச்சம் அப்பாவின் கழுத்துத் தையல்மேல் விழுகிறது. தொண்டையில் அறுவை நடந்த பிறகு இன்றுதான் அவருக்கு வாய்வழியாக முதல் கரண்டி. மூக்கில் குழாயோடு கிடந்த நாளெல்லாம் நாங்கள் மூவரும் சேர்ந்து பார்த்து, அவர் கண்ணாலேயே தின்ற சமையல் போட்டி நிகழ்ச்சி இது. அதே சூப்பை அம்மா கெட்டியாக வைத்திருக்கிறாள். புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அவள் பாதிக் கரண்டிதான் அள்ளுகிறாள். “புரையேறுனா யாரோ நினைக்கிறாங்கன்னு அர்த்தம். அவ்வளவுதானே,” என்று அப்பா கரகரத்த குரலில் சிரிக்கிறார். அம்மா சிரிக்கவில்லை. “அவரைப் பாக்காதே, டிவியப் பாரு,” என்கிறாள் என்னிடம். “இப்ப யாரும் இவரை நினைச்சிடக் கூடாது.” நான் டிவியைப் பார்க்கிறேன். அங்கே நடுவர் ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்து, கண்ணை மூடி, சுலபமாக விழுங்குகிறார். கைதட்டுகிறார்கள். பக்கத்தில் கரண்டி அப்பாவின் பல்லில் மெல்லத் தட்டுகிறது. பிறகு சத்தமே இல்லை. உப்பு கொஞ்சம் குறைவு என்கிறார் நடுவர். உப்பை நினைக்கப் பார்க்கிறேன். வெண்ணெயை நினைக்கப் பார்க்கிறேன். அப்பாவைத்தான் நினைக்கிறேன்.